பேசாதது

குச்சவெளியில் இருந்து முப்பத்துநாலு கிலோமீற்றர்.
மார்கழி மழை கடல் பக்கம் இருந்து சாய்ந்து வந்து
இடது காதுக்குள் மட்டும் பெய்கிறது.
ஹெல்மெட் கண்ணாடியை உயர்த்தினால் ஊசி,
இறக்கினால் இருட்டு.
பாதி உயர்த்தி, பாதிக் குருடியாய் ஓட்டுகிறேன்.
கந்தோர் தந்த பைக்.
பெட்டிக்குள் வெள்ள நிவாரணப் படிவங்கள்,
கும்புறுப்பிட்டியில் பதினொரு வீடு இன்னும் பாக்கி.
ஞாயிற்றுக்கிழமை படத்துக்குப் போக
அரசாங்கம் இதைத் தரவில்லை. தெரியும்.

இறக்கக்கண்டிப் பாலத்தடியில் நஸ்மிலா நிற்கிறாள்,
யூரியாப் பையை வெட்டித் தலையில் கவிழ்த்தபடி.
"பிந்திட்டாய் புள்ள, துவக்கம் போகப்போகுது."
துவக்கம் என்னுடையது, நீ ஏன் துடிக்கிறாய்,
முடிவுதானே உனக்கு என்றேன்.

பத்தாம் ஆண்டில் அந்தப் புத்தகம்
முதுகு பிளந்து இரண்டாய்ப் போனது.
நூற்றெண்பதாம் பக்கம் வரை என் வீட்டில்,
மிச்சம் அவள் வீட்டில்.
அவளுக்கு அரசி முதலில் செத்தாள், பிறகு பிறந்தாள்.
நான்
"அப்போது கதவுக்கு அப்பால்"
என்ற கடைசி வரியில் ஐந்து மாதம் நின்றேன்,
கதவுக்கு அப்பால் ஒன்றுமே இல்லாமல்.
பாதிகளை மாற்றிக்கொள்ள ஒரு பஸ் போதும்.
அந்த வருடம் பஸ் ஓடவில்லை.

அதில் ஏழு மாதம் பனி பெய்தது.
எங்களுக்குப் பனி என்றால்
புல்லில் கிடப்பது, விடிய நடந்தால் தடிமன் தருவது.
தடிமனில் ஒரு படையே எப்படிச் சாகும்?
நான் அதை மழையாக்கிக்கொண்டேன்.
பாலங்கள் மூழ்கின, குதிரைகள் மிதந்தன.
அவள் அதை உப்பாக்கினாள்,
நிலாவெளி உப்பளத்துக் குவியல்களுக்கு நடுவே
வாளோடு ஆட்கள்.

அப்புறம் ஊமன்.
"அது பெரியது. அது பேசாது. மாரி முழுவதும் நடந்தது."
புத்தகம் சொன்னது அவ்வளவுதான்.
எனக்கு எருமை, குளத்தால் எழும்பி வருகிற மாதிரி.
அவளுக்குப் புள்ளிமான்.
"லொறியளவு மான்" என்பாள், விடமாட்டாள்.
கலியாண வீட்டில் சண்டை, கச்சேரி வாசலில் சண்டை,
அவள் மகன் பிறந்த வாட்டில்
தாதி வந்து அதட்டும் வரை சண்டை.

தியேட்டரில் நாற்பது பேர் இருக்கும், ஈரச் செருப்பு நாற்றம்.
திரையில் பனி வெள்ளையாய்
ஒரு சத்தமும் இல்லாமல் விழுந்தது.
மேலே தகரத்தில் எங்கள் மழை கொட்டியது.
இரண்டு மாரிக்கும் நடுவில் நான் நடுங்கினேன்.
உப்புக்காரிதான் கிட்ட வந்திருக்கிறாள்,
அதை அவளிடம் சொல்லவில்லை.
அரசி சென்னைத் தமிழ் கதைத்தாள். போகட்டும்.
ஊமன் வந்தது, சிறகு, பல், கண்ணுக்குள் அடுப்பு.
பிறகு வாயைத் திறந்து
அழகாக, நீளமாக, மூக்கால் மூச்சு விட்டு
பேசத் தொடங்கியது.
நஸ்மிலா என் முழங்கையைப் பிடித்தாள்.
"பேசுது புள்ள."
பேசுது.
முன்வரிசை திரும்பி முறைக்கும் வரை சிரித்தோம்.

அந்தக் கதவு வந்தது.
யாரோ தள்ளினார்கள், திறந்தது.
இமைப்பொழுது.
அவள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.
நான் ரெயின்கோட் கையால் முகத்தைத் துடைத்தேன்,
அது இன்னும் ஈரமாக்கியது.

திரும்பும்போது ஒன்பதரை.
பஸ் நிலையத்தடியில் தோளில் ஒரு தட்டு.
பிரேக் பிடித்தேன், பின்சில்லு கொஞ்சம் வழுக்கி நின்றது.
கூரைக்குக் கீழே, கை நீட்டினால் தொடலாம்,
ஒரு மான்.
முதுகுப் புள்ளிகளில் மழை.
பணிஸ் சுற்றிய கடதாசியை மென்றபடி
எங்கள் வெளிச்சத்தைப் பார்த்தது.
ஒன்றும் சொல்லவில்லை.

லொறியளவு இல்லையே என்றேன்.

"தூரத்தில நிக்கிது" என்றாள்.